லென்ஸில் தெரிந்தது

நவநீதகிருஷ்ணனிடம் ஒரு கார்டைக் கொடுத்து, அவர் "இது வேண்டாங்க" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. சேலம், நாமக்கல் பக்கம் கிரிக்கெட் கார்டு சேகரிக்கிறவர்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் வைத்திருந்தார்கள். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் அவருக்குக் கோழிப்பண்ணை. இன்ஜினியரிங் படித்துவிட்டு அப்பாவுக்குப் பிறகு பண்ணையை எடுத்து நடத்துகிறவர். ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளைக் கல்லூரிக் காலத்திலிருந்து சேர்க்கிறார். வாட்ஸப் குழுவில் எல்லோருக்கும் அவர் 'நவநி அண்ணன்'.

இந்தப் பொழுதுபோக்கில் அட்டை கையில் இருந்தால் மட்டும் போதாது. அமெரிக்காவில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு அதை அனுப்பவேண்டும். அவர்கள் முனை மழுங்கியிருக்கிறதா, அச்சு நேராக விழுந்திருக்கிறதா என்று பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடி, மேலே ஒரு நம்பரை ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். அந்த நம்பரை அவர்களுடைய வெப்சைட்டில் போட்டால் எந்தக் கார்டு, எத்தனை மார்க் என்று வந்துவிடும். உறையை உடைத்தால் மார்க் போச்சு. மறுபடியும் முதலிலிருந்து அனுப்பவேண்டும்.

போன ஆகஸ்ட்டில் சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் குழுவின் கூட்டம் நடந்தது. ஈரோடு, கோயம்புத்தூரிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். நல்ல கார்டுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்வைக்கு வைப்பது வழக்கம். பெட்டிக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொன்றும் நவநீதகிருஷ்ணன் உட்கார்ந்திருந்த மேசைக்கு வந்து போகவேண்டும். சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குமரன்தான் குழுவின் செயலாளர். மைக் அவன் கையில்.

கூட்டம் ஆரம்பிக்கும்போது நவநீதகிருஷ்ணன் பத்து நிமிஷம் பேசினார். இப்போதெல்லாம் உறையையே போலியாகச் செய்கிறார்கள், பார்ப்பதற்கு அச்சு அசலாக இருக்கும், அதனால் கண்ணை நம்பாதீர்கள், நம்பரை நம்புங்கள் என்று சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

மத்தியானம் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் தேவிப்ரியா அவர் மேசைக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். ராசிபுரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கல்லூரியில் படிக்கும்போது மாவட்ட அணிக்கு வேகப்பந்து போட்டவள். குழுவில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தாலும் கூட்டத்துக்கு வருவது அதுதான் முதல் தடவை. தனியாகப் பஸ் ஏறி வந்திருந்தாள். கூடத்தில் கார்டோடு வந்திருந்த பெண் அவள் ஒருத்திதான்.

கைக்குட்டையில் சுற்றியிருந்ததைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். பழைய வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்துக்காரர் ஒருவருடைய முதல் வருஷத்துக் கார்டு. ஒன்பது மார்க். தென்னிந்தியாவில் அந்தக் கார்டு யாரிடமும் இருப்பதாக நவநீதகிருஷ்ணன் கேள்விப்பட்டதில்லை. அவரிடமும் இல்லை.

"விக்கறதுக்கு இல்லீங்க சார். பெட்டிக்குள்ள வச்சா எல்லாரும் பாப்பாங்கன்னு எடுத்துட்டு வந்தேன்" என்றாள்.

அவர் நம்பரைப் போனில் அடித்தார். தொப்பி போட்ட ஒரு பேஸ்பால் ஆட்டக்காரனின் படம் வந்தது. மார்க் ஆறு. மறுபடியும் அடித்தார். அதே பேஸ்பால்காரன்.

"இது எங்க வாங்கினீங்க?"

"இங்கிலாந்துல இருக்கற ஒருத்தர்கிட்டங்க. எங்கண்ணன் அங்க வேலையில இருக்காரு. அவருதான் நேர்ல போயி வாங்கி அனுப்புனாரு."

"ஏமாத்திட்டாங்க போலிருக்குது. இது டூப்ளிகேட்டுங்க."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பக்கத்தில் நின்ற குமரன் "என்னங்கண்ணா, டூப்ளிகேட்டா?" என்று கேட்டபோது மைக் ஆனில் இருந்தது. கூடம் முழுக்க அந்தச் சொல் கேட்டது. சாப்பிடப் போனவர்களும் திரும்பி வந்தார்கள். போன்கள் மேலே வந்தன.

தேவிப்ரியாவின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் குரல் அசையவில்லை. "வாங்கினப்ப நானே நம்பர் போட்டுப் பாத்தேங்க. சரியாத்தான் வந்துச்சு. சைட்டுல ஏதோ கோளாறா இருக்கும். நீங்க கார்டைப் பாருங்களேன்."

"எல்லாரும் இதத்தானுங்க சொல்றாங்க" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் அடுத்ததையும் சொன்னார். "அவ்வளவு நம்பிக்கை இருந்தா உறைய உடைச்சுக் காட்டுங்க. லென்ஸ் வச்சுப் பாத்துச் சொல்லிடறேன்."

யாரும் உடைக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒன்பது மார்க் வாங்கிய உறையை உடைக்கிறவர்கள் உலகத்தில் இல்லை. அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தார்.

அவள் மைக்செட்காரரிடம் போய்க் கட்டிங் பிளேயரைக் கேட்டு வாங்கி வந்தாள். உறையின் மூலையைப் பிளேயரால் கவ்வி நெரித்தாள். பிளாஸ்டிக் படக்கென்று பிளந்தது. துண்டுகள் மேசைவிரிப்பில் தெறித்தன. அட்டையை விரல் நுனிகளால் பிடித்து எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "பாருங்க சார்."

நவநீதகிருஷ்ணன் லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்தார்.

போலிக் கார்டில் எழுத்துகள் பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரியும். ஒரிஜினலில் புள்ளி இருக்காது. எழுத்து முழுக் கறுப்பாக, ஓரம் வெட்டி வைத்ததுபோல் நிற்கும். குழுவில் படம் போட்டு இதை எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். லென்ஸுக்குக் கீழே அந்த ஆட்டக்காரரின் பெயர் கறுகறுவென்று நின்றது. ஒரு புள்ளி இல்லை. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. சந்தேகத்துக்கு இடமே இல்லாத ஒரிஜினல்.

தலையை நிமிர்த்தவேண்டும். நிமிர்த்தினால் சொல்லவேண்டும். காலையில் பேசியது, கை தட்டியது, இப்போது சிரித்தது எல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தன. உண்மையைச் சொன்னால், இந்தப் பெண்ணை வீணாக உறையை உடைக்க வைத்தவர் என்று ஆகிவிடும். அவர் இன்னும் கொஞ்சம் நேரம் குனிந்தே இருந்தார், பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாதபோதும்.

"பிரிண்ட் சரியில்லீங்க" என்றார்.

தேவிப்ரியா அவரையே பார்த்தாள். பிறகு மேசைவிரிப்பில் கிடந்த பிளாஸ்டிக் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கைக்குட்டையில் போட்டு, அட்டையை ஒரு காகிதத்துக்குள் வைத்து, பிளேயரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வெளியே போனாள். சாப்பிடவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே குமரன் குழுவில் அவள் பெயர், படத்தோடு எச்சரிக்கை போட்டான். இவரிடம் யாரும் கார்டு மாற்றிக்கொள்ளவேண்டாம் என்று எழுதி, அவளைக் குழுவிலிருந்தும் நீக்கினான். நவநீதகிருஷ்ணன் அதைப் பார்த்தார். பெயரை மட்டுமாவது எடுத்துவிடச் சொல்லலாம் என்று போனைக் கையில் எடுத்தார். குமரன் ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவர் கார்டு அலமாரியைத் திறக்கவில்லை. பண்ணையில் வேலை அதிகம் என்று மனைவி பிரவீனாவிடம் சொன்னார். முட்டை லாரிக்குத் தட்டு ஏற்றும்போது ஆட்களைக் காரணமில்லாமல் திட்டினார். யாராவது "நவநி அண்ணன் சொன்னா சரியா இருக்கும்" என்று குழுவில் எழுதினால் போனைக் கவிழ்த்து வைத்தார்.

செப்டம்பரில் ஒருநாள் காலை, ஷெட்டில் தண்ணீர்க் குழாய் அடைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. எல்லா உறுப்பினர்களுக்கும் பொதுவாக அனுப்பியது. பழைய பதிவுகளைப் புது வெப்சைட்டுக்கு மாற்றியபோது, பூஜ்யத்தில் ஆரம்பிக்கும் நம்பர்களில் முன்னாலிருந்த பூஜ்யம் விழுந்துவிட்டதாம். அதனால் அந்த நம்பர்களைப் போட்டால் வேறு கார்டுகளின் விவரம் வந்திருக்கிறது. இப்போது சரிசெய்துவிட்டார்கள். சிரமத்துக்கு வருந்துகிறார்கள்.

தேவிப்ரியாவின் உறையை அன்றைக்கு அவர் படம் எடுத்து வைத்திருந்தார். நம்பர் பூஜ்யத்தில்தான் ஆரம்பித்தது. போட்டுப் பார்த்தார். வெஸ்ட் இண்டீஸ்காரர் வந்தார். மார்க் ஒன்பது.

அவருக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, தப்பு அவர்களுடையது என்று மூச்சு விட்டார். அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள்ளேயே அவருக்குத் தன்மேல் அருவருப்பாகிவிட்டது. கைகளைக் கழுவிக்கொண்டே நின்றார். கோழிகள் கத்திக்கொண்டிருந்தன.

குழுவில் குமரன் அந்த மெயிலைப் போட்டு, 'சர்வர் கோளாறு. நம்ம அண்ணன் மேல எந்தத் தப்பும் இல்லை' என்று எழுதியிருந்தான். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். 'பாவம் அந்த டீச்சர்' என்று ஒருவர் எழுதினார். அதற்கும் நாலு பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். நீக்கியவளைத் திரும்பச் சேர்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பிரவீனாதான் சொன்னாள். "அந்தப் புள்ளைய நேர்ல பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. எத்தனை பேருக்கு முன்னால நடந்துச்சு."

அவளிடமும் அவர் லென்ஸ் விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் ராசிபுரத்துக்குப் போனார். தன்னிடமிருந்த கார்டுகளிலேயே நல்லதாக ஒன்றை, பத்து மார்க் வாங்கியதை, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பள்ளிக்கூட மைதானத்தில் தேவிப்ரியா பெண் பிள்ளைகளுக்குப் பந்து போடச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள். விசிலை வாயிலிருந்து எடுக்கவில்லை. பயிற்சி முடியும்வரை அவர் சுற்றுச்சுவர் ஓரம், சைக்கிள்களுக்குப் பக்கத்தில் நின்றார். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அப்பாக்கள் அவரை யாரோ என்று பார்த்தார்கள். இவர்களில் எத்தனை பேருக்கு அந்த எச்சரிக்கை போயிருக்குமோ என்று நினைத்தபோது அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

பிள்ளைகள் போன பிறகு அவள் வந்தாள். "சொல்லுங்க சார்."

"மெயில் பாத்திருப்பீங்க. பூஜ்யம் விழுந்துபோயி வேற கார்டு காட்டிருச்சு. சைட்டு தப்புங்க. உங்களுக்கு ரொம்பச் சங்கடமாயிருச்சு. மன்னிச்சுக்கங்க."

"ஆமாங்க, பாத்தேன்."

அத்தோடு முடிந்துவிடும் என்று ஒரு கணம் நினைத்தார். அவள் போகவில்லை.

"இங்க கரஸ்பாண்டன்ட் ஐயா என்னையக் கூப்பிட்டாருங்க. யாரோ ஒரு பேரன்ட் போன்ல காட்டிட்டாங்க. டூப்ளிகேட் வித்தீங்களான்னு கேட்டாரு. விக்கவே இல்லீங்கன்னு சொன்னேன். அப்புறம் எதுக்கும்மா எழுதியிருக்காங்கன்னாரு. அவருக்குக் கார்டுன்னா என்னன்னே தெரியாது. ரூமுக்குள்ள நின்னுக்கிட்டு முதல்லருந்து விளக்கம் சொன்னேன். எட்டாவது படிக்கிற புள்ளைங்க எனக்குப் பேரு வச்சிருக்காங்க, டூப்ளிகேட் மிஸ்ஸுன்னு."

"நான் வேணா அவர்கிட்ட வந்து சொல்றேங்க..."

"அது இருக்கட்டுங்க. சைட்டு தப்பு, சரி. உறைய உடைச்சப்புறம் லென்ஸ்ல பாத்தீங்களே, அப்ப என்னங்க தெரிஞ்சுது?"

அவர் மைதானத்தைப் பார்த்தார். "அன்னைக்கு அந்த ஹாலுல வெளிச்சம் பத்தலீங்க" என்றார்.

சொல்லி முடிப்பதற்குள் காது மடல் சுட்டது. இரண்டாவது தடவையாகப் பொய். அதுவும் மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில். தேவிப்ரியா ஸ்டம்புகளைப் பிடுங்கிச் சாக்குப்பைக்குள் போட ஆரம்பித்தாள். ஒன்று, இன்னொன்று. அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"ஒரிஜினல்னு தெரிஞ்சுதுங்க" என்றார். "பாத்த உடனே தெரிஞ்சுது. தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவள் கை நின்றது. "எனக்கு அன்னைக்கே தெரியுங்க. நிமிந்தப்ப உங்க மூஞ்சியில இருந்துச்சு. பஸ்ஸுல வரும்போது முழுக்க அதத்தான் நெனச்சேன். சைட்டு தப்பாக் காட்டலாம், மெசினுதானே. இந்த மனுசனுக்கு என்ன வந்துச்சு? எனக்கும் அவருக்கும் ஒண்ணுமே இல்லையே. எதுக்கு இப்படிச் சொன்னாருன்னு."

"எல்லாரும் பாத்துட்டிருந்தாங்க. வாய்ல வந்ததை மாத்த முடியல."

"என்னையுந்தான் எல்லாரும் பாத்துட்டிருந்தாங்க."

அவர் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார். "இதையாவது வச்சுக்கங்க. உங்களுத திரும்ப அனுப்புனா பழைய மார்க் வருமோ வராதோ..."

"வராதுங்க. பிளேயர் பட்டு முனை மடங்கிருச்சு." அவள் அந்தக் கார்டைத் தொடவில்லை. "எடுத்துட்டுப் போங்க சார். இத வாங்கினா நமக்குள்ள சரியாப் போச்சுன்னு ஆயிரும்."

"நான் என்ன பண்ணணும், சொல்லுங்க."

"அதையும் நானே சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டுச் சாக்குப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

அவர் காரில் போய் உட்கார்ந்து சாவியைப் போட்டார். பிறகு இறங்கி, கரஸ்பாண்டன்ட் அறை எங்கே என்று வாட்ச்மேனிடம் கேட்டுப் போனார். அந்தப் பெரியவரிடம் தன் பெயரையும் ஊரையும் சொல்லி, அந்த டீச்சர் மேல் ஒரு தப்பும் இல்லை, பொய் சொன்னது நான் என்றார். பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "ஏனுங்க, பாத்தா நல்ல குடும்பத்து ஆளா இருக்கறீங்க. ஒரு அட்டைக்கா இத்தனையும்?" என்று கேட்டார். நவநீதகிருஷ்ணன் "ஆமாங்க" என்று மட்டும் சொன்னார்.

நவம்பரில் அதே மண்டபத்தில் அடுத்த கூட்டம். இந்தத் தடவை பிரவீனாவும் வந்தாள். முதல் நாள் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவள் கேட்டுவிட்டு எழுந்து போய், அடுப்பில் இருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு வந்து, "நானும் வாரேன்" என்றாள்.

அவர் குமரனிடமிருந்து மைக்கை வாங்கினார். வழக்கம்போல ஏதோ பேசப்போகிறார் என்று எல்லோரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள்.

"போன கூட்டத்துல ராசிபுரம் தேவிப்ரியா கொண்டுவந்த கார்டு ஒரிஜினல்" என்றார். "சைட்டுல தப்பா வந்துச்சு, அது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஒண்ணு இருக்குது. உறைய உடைச்சப்புறம் நான் லென்ஸ்ல பாத்தேன். ஒரிஜினல்னு எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் இல்லைன்னு சொன்னேன். சொன்ன வார்த்தையிலிருந்து இறங்க மனசு வரல. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லை. எல்லாம் என்னோடது."

குமரன்தான் முதலில் சுதாரித்தான். "நம்ம அண்ணனுக்கு எவ்வளவு பெரிய மனசு பாருங்க" என்று கை தட்டினான். முன்வரிசையில் இருந்தவர்களும் தட்டினார்கள். அது கூடம் முழுக்கப் பரவியது.

"தட்டாதீங்க" என்றார் நவநீதகிருஷ்ணன். யாரும் நிறுத்தவில்லை. "கை தட்டாதீங்கன்னு சொல்றேன்!" என்று கத்தினார். மைக் கிறீச்சிட்டது. கைகள் நின்றன. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் பார்த்த பார்வை இல்லை அது.

பின்வரிசையிலிருந்து அங்கமுத்து எழுந்தார். மேச்சேரியில் ஆடு வியாபாரம் பார்க்கிறவர். வியாபாரத்துக்கு நடுவில் ஊர் ஊராகக் கார்டு தேடுகிறவர்.

"ஏனுங்க, அப்பப் போன வருசம் என்னோடது ஒண்ணை வேண்டாம்னு ஒதுக்கினீங்களே. அதையும் இப்படித்தான் சொன்னீங்களா?"

"இல்லீங்க. உங்களுது நெசமாவே டூப்ளிகேட்டுங்க. லென்ஸ்ல புள்ளி புள்ளியாத் தெரிஞ்சுது."

"அப்படீங்களா" என்றார் அங்கமுத்து. அவர் நம்பவில்லை என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்தது. இன்னும் இரண்டு பேர் தங்கள் கார்டுகளைப் பற்றி ஒருவருக்கொருவர் பேச ஆரம்பித்தார்கள். நவநீதகிருஷ்ணன் வாயைத் திறந்தார். எதைச் சொன்னாலும் இனி அது ஒரு பொய்யனின் வாயிலிருந்து வருவதாகத்தான் இருக்கும் என்று புரிந்தது. மூடிக்கொண்டார். லென்ஸை மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்தார்.

"இப்ப இதெல்லாம் எதுக்குங்கண்ணா? அதான் சர்வர் தப்புன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கல்ல" என்றான் குமரன் பக்கத்தில் வந்து, ரகசியமாக. அவனுக்குக் கோபம். அன்றைக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் எந்தக் கார்டை வைப்பது, யார் பார்த்துச் சொல்வது என்று கடைசிவரை முடிவாகவில்லை. பெட்டி காலியாகவே இருந்தது. ஈரோட்டுக்காரர்கள் மத்தியானமே கிளம்பிவிட்டார்கள்.

கிளம்புவதற்குள்ளேயே யாரோ அவர் பேசியதை வீடியோ எடுத்துக் குழுவில் போட்டிருந்தார்கள். அவர் அதைத் தேவிப்ரியாவுக்கு அனுப்பினார். எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஒன்றும் எழுதாமலே அனுப்பினார். அவள் பார்த்துவிட்டதற்கு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. குமரன் அவளை மறுபடியும் குழுவில் சேர்த்தான். அவள் உடனே வெளியேறிவிட்டாள்.

ஊருக்குத் திரும்பும்போது பிரவீனா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். மல்லூர் தாண்டிய பிறகு, "நீங்க அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்" என்றாள். அவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார். அவள் பதிலை எதிர்பார்க்கவில்லை போல.

ஆண்டகளூர் கேட் வந்தது. ராசிபுரத்துக்குத் திரும்புகிற இடம். அவர் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமைதான், ஆனால் மாவட்டப் போட்டி வருகிறதென்று அந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சி இருக்கும். மைதானத்து வாசலில் போய் நின்று, வீடியோ பார்த்தீங்களா என்று கேட்கலாம். கேட்டால் அவள் ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டும். அப்படி அவளிடமிருந்து ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு வருவதற்குத்தான் தன் மனசு இவ்வளவு தவிக்கிறது என்று அவருக்குத் தெரிந்தபோது மறுபடியும் கூசியது.

"திரும்பணுமா?" என்று பிரவீனா கேட்டாள்.

"வேண்டாம்" என்றார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அதற்கு வழிவிட்டு, நேராகவே போனார்.